ஐம்பத்தெட்டு சதவீத மாமனார்

நிறையப் படிக்கிறவன் கையில் மருத்துவ ரிப்போர்ட்டைக் கொடுக்கவே கூடாது. என் கையில் கொடுத்தார்கள். 2003, ஆடி மூன்றாம் வெள்ளி, ராகு காலம் முடிந்த கையோடு.

ஆனியில்தான் மாமனார் மாரடைப்பிலிருந்து பிழைத்திருந்தார். ஆவணியில் என் மைத்துனிக்குக் கல்யாணம். இதயம் தாங்குமா, ஆபத்து மிச்சமிருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்ரீபெரும்புதூரில் எக்கோ ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் மாலையில் வருவார். (அதுவரை நான் சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

ரிப்போர்ட்டில் 'எஜெக்ஷன் ஃபிராக்ஷன் 58%' என்றிருந்தது. நான் ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலையொன்றில் தரப் பரிசோதகன். எஜெக்ஷன், ரிஜெக்ஷன் இரண்டும் என் காதுக்கு அண்ணன் தம்பிதான். எங்கள் லைனில் ஐம்பத்தெட்டு வந்தால் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவோம். மாமனாரை எங்கே திருப்பி அனுப்புவது?

அவரோ ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது?"

"ஒண்ணுமில்ல மாமா" என்று எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். பிள்ளைப்பாக்கத்தில் கல்யாண மாப்பிள்ளையின் அப்பாவைப் போனில் பிடித்தேன்.

"மாமாவுக்கு இதயம் பாதிதான் ஓடுதுங்க. கல்யாணத்தை அடுத்த வாரமே வெச்சுடலாம்."

எதிர்முனையில் அவர் குரல் எகிறியது.

"ஆடியிலயா? இன்னா தம்பி, மாமனாருக்கு நெஞ்சு கெட்டா உனக்கு மூளையுமா?"

திட்டினாரே தவிர, விஷயத்தை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். மாலையில், அம்மன் கோயில் கூழுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய அழுதுகொண்டே வந்து இறங்கினார்கள். டாக்டர் பயந்துபோய், "யாரு போயிட்டாங்க?" என்றார். எல்லோரும் மாமனாரைக் காட்டினார்கள். அவர் கையில் இரண்டாவது இளநீர்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"நல்லாத்தானே இருக்கு! இதயம் ஒவ்வொரு துடிப்புலயும் உள்ள இருக்கிற ரத்தத்துல பாதிக்கு மேல தள்ளினாலே நார்மல். நூறு யாருக்கும் வராது. அட்டாக் வந்தவருக்கு ஐம்பத்தெட்டுன்னா ஆபத்து குறைவுன்னு அர்த்தம். மாத்திரையை மட்டும் விடாதீங்க. ஆவணியிலேயே கல்யாணம் பண்ணுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எடுத்தாலும் அறுபது தேறும், அவ்வளவுதான்" என்றார்.

சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த அறுபதும் அதிகம் என்றிருந்தது.

ஆவணியில் மாமனார் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். பந்தியிலும் அவரே பரிமாறினார். பல வருடம் கழித்து என் மகன் கணக்கில் ஐம்பத்தெட்டு வாங்கி வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது:

"நார்மல்டா கண்ணு! மொதல்ல உங்கப்பாவைப் புடி, யாருக்கோ போன் போடப் போறாரு!"