கோரிமேட்டு ஏற்றத்தில் செந்தேர் செலுத்திய படலம்

சைகோனில் படைக்குச் சோறாக்கி, மார்செய்யில் படைக்குத் துணி வெளுத்து, இருபது ஆண்டுகள் பிரான்சு தேசத்தின் மானத்தை இரு கரங்களாலும் தேய்த்துத் தேய்த்துக் காத்த தீரன். அடைமழையிலும் கறுப்புக் கண்ணாடி கழற்றாத கண்ணழகன். ‘முசியே’ என்று பிரெஞ்சு மரியாதையோடு விளித்தாலன்றித் திரும்பாத செவியன். சாரம் என்னும் பேரூர் ஈன்ற செம்மல் தணிகாசலம் வாழ்க! அவன் பொருட்டு ஒரு திங்கள் காதைப் பொத்திக்கொண்டு வாழ்ந்த அவன் தெருவும் வாழ்க!

எழுபத்தெட்டாம் ஆண்டு மாசித் திங்களில் கப்பலேறி வந்து சேர்ந்தது அவன் தேர். செம்பருத்தி நிறம், இரண்டே ஆசனம், தரையோடு படுத்த மேனி; அதன் வயிற்றில் வரிசை பிறழாத வேள்விக் குண்டங்களாய் ஆறு சிலிண்டர்கள். நூற்றைம்பது குதிரைத்திறன் என்று உடன்வந்த புத்தகம் உரைத்தது. அந்த நூற்றைம்பது புரவிகளையும் மாலைதோறும் கடற்கரைச் சாலையில் நடைபழக்கி, சுண்டல் தின்று வீடு திரும்புவது தணிகாசலத்தின் திருவுலா.

அந்தோ, ஊழ்! ஒரு முற்பகலில் கோரிமேட்டு ஏற்றத்தில் அவன் தேர் முக்கி முனகி ஏறுங்காலை, நோயாளியையும் அவர்தம் சுற்றத்தார் எழுவரையும் உள்ளடக்கி, கூரைமீது பாயும் சட்டிபானையும் கோழிக்கூடையும் சுமந்து, பெரியாஸ்பத்திரி நோக்கி இருமிக்கொண்டே வந்த கோவிந்தராசுவின் கிழட்டு டாக்ஸி, செந்தேரை முந்திச் சென்றது. “ஓரமா வாங்க முசியே, அவசர கேசு!” என்று கை நீட்டினான் கோவிந்தராசு. கூடைக்குள்ளிருந்த கோழியும் ஏதோ சொல்லிற்று.

அபிமன்யு மாண்ட சேதி கேட்ட பார்த்தனென வீடு புகுந்தான் வீரன். “அதே மேட்டில் அந்த டாக்ஸியை முந்தும்வரை கடற்கரைச் சுண்டலைத் தீண்டேன்! எனக்கு இன்னும் இருபது குதிரை வேண்டும். அதற்கேற்ற முறுக்குவிசையும் வேண்டும்!” என்று வஞ்சினம் கூறினான்.

“முறுக்கு நான் சுத்தித் தரேன். குதிரைக்கு எங்க போறது?” என்றாள் இல்லத்தரசி சுலோசனா, முறத்திலிருந்து கண் எடுக்காமல்.

அழைக்கப்பட்டான் கன்னியப்பன்: நான்கு சிலிண்டருக்கு மேல் ஆயுளில் கண்டறியாதவன், ஆயினும் அதை முகத்தில் காட்டாத மெக்கானிக்கர் கோமான். தேருக்கு மூச்சு முட்டுகிறதென்று ஏர் பில்டரைக் கழற்றினார்கள். தாகமென்று கார்புரேட்டரின் கண்களை அகலத் துளைத்தார்கள். தொண்டைக் கட்டென்று சைலன்சரை அறுத்துவிட்டுத் தடித்த குழாயொன்றைப் பற்றவைத்தார்கள். அன்று எழுந்த முழக்கத்தில் எதிர்வீட்டுச் சின்னப்பாப்பாவின் பசு கறவையை நிறுத்திவிட்டது. இறுதியாக, எஞ்சினின் தலையைக் கழற்றிச் சேதராப்பட்டு லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், அழுத்தம் கூடட்டுமென்று மயிரிழை மயிரிழையாகச் சீவினார்கள்.

ஒவ்வொரு சிகிச்சைக்குப் பின்னும் மேட்டில் ஏறிப் பார்த்தார்கள். ஓசை ஏறிற்று, வேகம் ஏறவில்லை.

“இதுக்கு மேல சீவினா ஹெட்டே இருக்காது முசியே. நம்ம ஊரு பெட்ரோலும் தாங்காது, சூடேறிப் பூடும்” என்று கைவிரித்தான் கன்னியப்பன்.

வீட்டு வாசலில் நின்ற தேருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அமர்ந்திருந்தான் தணிகாசலம். மார்செய்யில் கப்பித்தேன் என்னும் படையதிகாரி ஒருவருடைய இதுபோன்ற காரை ஆறு ஆண்டுகள் துடைத்தவன் அவன். ஒருநாள்கூட அந்தத் துரை சாவியைக் கொடுத்ததில்லை.

அவ்வேளை துடைப்பத்தோடு வந்த சுலோசனா, “காலை எடுங்க” என்று அதட்டி, அவன் பாதத்தின் கீழிருந்த தடித்த தேங்காய்நார் மிதியடியை உருவி உதறினாள். “செம்மண்ணு ஒட்டுதுன்னு நான்தான் போட்டு வெச்சேன்.”

கன்னியப்பன் குனிந்து ஆக்சிலேட்டரை அழுத்திப் பார்த்தான். வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை கீழே போயிற்று. இத்தனை நாளும் பாதிப் புரவிகள் மிதியடிக்கு அடியில் கட்டுண்டு கிடந்த உண்மை இருவருக்கும் விளங்கிற்று. கன்னியப்பன் வீரனைப் பார்த்தான். வீரன் வானத்தைப் பார்த்தான். “நாம் பார்த்த வேலையெல்லாம் இப்பொழுதுதான் பலித்திருக்கிறது!” என்று பிரகடனம் செய்தான்.

மறுநாள் காலை மூண்டது பெருஞ்சமர். அதோ கோவிந்தராசுவின் டாக்ஸி, இதோ செந்தேர்! அழுத்தினான் தணிகாசலம். வடவைத்தீ வாய்திறந்தாற்போல ஆறு குண்டங்களும் கொழுந்துவிட, நூற்றைம்பதும் அதற்கு மேலும் புரவிகள் ஒருசேரக் கனைக்க, செம்புழுதி விண்மறைக்க, இராவணன் தோளில் கயிலை குலுங்கியதெனக் கோரிமேடு குலுங்க, கண்ணிமைப்பொழுதில் டாக்ஸியைக் கடந்து மேட்டின் உச்சியை எய்தினான் வாகைசூடி! இருபது ஆண்டு வெளுத்த துணியெல்லாம் வெற்றிக்கொடிகளாய் அவன் நெஞ்சில் பறந்தன.

அக்கணமே பானட்டுக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம்; ஆவி எழுந்தது; தேர் நின்றது.

மெல்ல வந்து பக்கத்தில் நிறுத்தினான் கோவிந்தராசு. “என்ன முசியே, நின்னுபோச்சா?”

“உன்னை முந்தினேனே, பார்த்தாயா!”

“எப்ப? பின்சீட்டுல ஒருத்தர் வாந்தி எடுத்தாரு, அவரைப் பார்த்துக்கிட்டிருந்தேன். ஏதோ லாரி போற சத்தம் மட்டும் கேட்டுச்சு.”

அப்புறம் நாலு பேர் சேர்ந்து காரைச் சாரம் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனாங்க.