சீமாட்டியின் அண்ணன்

தெரியாது என்று சொல்ல இருபத்துமூன்று வயதில் யாருக்கும் வாய் வருவதில்லை. எனக்கு இன்றைக்கும் வராது. ஆனால் இன்றைக்குப் பக்கத்தில் மனைவி இருக்கிறாள், அவளே சொல்லிவிடுவாள்.

அப்போது இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் மாஸ்டர். ஹட்டனில் கடை வைத்திருந்த காசிம் நானா, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பழைய சாமான்களோடு, கையால் சுற்றும் படப்பெட்டியும் ஒரே ஒரு ஊமைப் படமும் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பகலில் பள்ளிக்கூட ஜன்னல்களைச் சாக்கால் மூடிப் படம் காட்ட ஏற்பாடு.

“மாஸ்டர், படத்துக்கு வாய் இல்ல. நடுநடுவுல இங்கிலீசு எழுத்து வருது. நீங்கதான் படிச்சுக் கதை சொல்லணும்” என்றார் நானா.

“அதுக்கென்ன நானா, சொல்லிட்டாப் போச்சு!” (ஒரு தடவை முன்கூட்டிப் பார்த்திருக்கலாம். மேதைகளுக்கு ஒத்திகை எதற்கு?)

துணிச்சலுக்குக் காரணம் இருந்தது. தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் மகள் மரகதத்தை என் வீட்டார் எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தரத்தைப் பார்க்க, அவளுடைய அம்மாவே மகளோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

திரையில் எழுத்து விழுந்தது. ஏ, பி, சி எல்லாம் தெரிந்த முகங்கள்தான், ஆனால் ஒரு சொல்லும் புரியவில்லை. அது பிரெஞ்சு என்று பிற்பாடுதான் தெரிந்தது. நான் அசரவில்லை.

“இந்த அம்மா பெரிய எடத்துச் சீமாட்டிங்க. ராஜா கோவிச்சுக்கிட்டு நாட்டை விட்டே போகச் சொல்லிட்டாரு!”

என் அதிர்ஷ்டம், அவளை நிஜமாகவே கப்பலில் ஏற்றினார்கள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கே அனுப்பிவிடப் போகிறார்கள் என்று, பிரஜாவுரிமைப் பேச்சு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. “பொறந்த மண்ணுல இருக்க வேணாங்குறானே, பாவி!” என்று ஒரு பெண் அழுதாள். கொஞ்ச நேரத்தில் சீமாட்டி எங்கள் தோட்டத்துப் பிள்ளையாகிவிட்டாள்.

கப்பல் கொண்டுபோய் விட்ட தீவில் தனியாகக் கிடந்தவளைத் தேடி ஓர் இளைஞன் படகில் வந்து கையைப் பிடித்தான். வருங்கால மாமியார் முன்னால் வேறென்ன சொல்வது?

“அண்ணன் வந்துட்டாருங்க!”

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். “கூடப் பொறந்தவன்னா இப்படி இருக்கணும்” என்றார் மரகதத்தின் அம்மா. கல்யாணம் பாதி முடிந்துவிட்டதாகவே நினைத்தேன்.

அடுத்த நிமிஷம் அண்ணன் தங்கையைக் கட்டிப்பிடித்து உதட்டில் முத்தமிட்டான். பதற்றத்தில் நானாவின் கை தளர்ந்து பெட்டி மெதுவாகச் சுற்றியது. முத்தம் முடியவே இல்லை.

“அடச்சீ! அண்ணன்னு சொன்னீங்களே மாஸ்டர்!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“அண்ணன் இல்லீங்க, அத்தை மகன்!” என்று கத்தினேன்.

மரகதத்தின் அம்மா எழுந்துவிட்டார். “மொறை தெரியாத மனுசனுக்குப் பொண்ணு குடுக்க முடியாது. எந்திரிடி!”

மரகதம் அசையவில்லை. “இரும்மா. அவ ஊருக்குத் திரும்பிப் போறாளா இல்லையான்னு பாத்துட்டு வாறேன்.”

போனாள். சீமாட்டி அந்த இளைஞனோடுதான் ஊருக்குப் போனாள். மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டாள். பெண்கள் குலவை போட்டார்கள். அத்தை மகன்தான் என்று படமே சாட்சி சொல்லியும் மாமியார் மனம் இறங்க ஒரு வருஷம் ஆனது. அதுவும் மரகதம் வேறு யாருக்கும் தலையாட்டாததால்தான்.

இன்றைக்கும் யாரையாவது வீட்டுக்கு அழைத்துவந்து, “இவர் நமக்குச் சொந்தம், உனக்கு அண்ணன் முறை” என்று நான் ஆரம்பித்தால், தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு மரகதம் சொல்வாள்:

“அவசரப்பட்டு மொறை சொல்லாதீங்க. படம் முடியட்டும்.”