ஆயர் குடித்த சோடாவில் மீன் வாசம்

பாலா ஊரிலிருந்து,
குருத்து ஞாயிறு கழிந்த செவ்வாய்.

என் மனைவி றோசம்மாவின் மூத்த அண்ணனும், முந்தாநாள் வரை நம் கோயிலின் கைக்காரராக, அதாவது நிர்வாகியாக, சாவி வைத்திருந்தவருமான பைலி அளியனுக்கு, சோடாக் கம்பெனி அவராச்சன் தலைகுனிந்து எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். இங்கே றோசம்மா சுகம், பிள்ளைகள் சுகம், பசுவும் சுகம். எனக்குத்தான் வெட்கத்தில் சோறு இறங்கவில்லை.

அளியா, குருத்து ஞாயிறு பூசைக்கு வந்த ஆயர் முன்னால் அன்றைக்கு அடித்த மீன் வாசம் உங்களுடையது அல்ல. என் சோடாவினுடையது. நோன்பு தொடங்கின அன்றே றோசம்மா, "கண்ணுல பட்டா கை நீளும், இதைக் கொண்டுபோய் உங்க சோடா ரூம்ல தொங்க விடுங்க" என்று பன்னிரண்டு கருவாட்டையும் என்னிடம் கட்டிக் கொடுத்தாள். நான் அதைக் கரி டப்பாவுக்கு நேர் மேலே தொங்கவிட்டேன். சிலிண்டரிலிருந்து வரும் வாயு அந்தக் கரி வழியாகத்தான் போகும். கெட்ட வாசம் கரியின் பொடித் துளைகளில் ஒட்டிக்கொள்ள, சுத்தமான வாயு மட்டும் ஐஸ் தண்ணீரில் போய்க் கரையும். ஆனால் கரிக்கு நோன்பு ஏது? நாற்பது நாளும் கருவாட்டு வாசத்தை மூக்குமுட்ட இழுத்து வைத்திருக்கிறது. சனிக்கிழமை டப்பாவை வெயிலில் காயவைத்தேன். சூடு பட்டால் கரி பிடித்ததை விட்டுவிடும் என்று தெரிந்தும், ஆறும்முன் குழாயில் மாட்டிவிட்டேன். அத்தனை வாசமும் சோடாவில் இறங்கிவிட்டது.

ஆயருக்கு நானே குனிந்து சோடாவை ஊற்றி, காதருகே கரியின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் முகம் சுளித்து, "நோன்பு நாள்ல மீன் வாடை அடிக்குதே, யாரப்பா அது?" என்றார். அவருக்கு அந்தப் பக்கம் நீங்கள். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். "சத்தியமா நானில்ல பிதாவே" என்றீர்கள். "கைக்காரன்னா ஊருக்கு முன்னாடி நோன்பு இருக்கணும் பைலி!" என்றார் நம் பங்கு அச்சன். அப்போது நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அது போதாதென்று, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நானும் உங்களைப் பார்த்தேன். சாயங்காலமே நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டீர்களாம். உங்கள் வீட்டில் திரேசா அக்கா அழுதாராம். நினைக்க நினைக்க எனக்கு உடம்பு கூசுகிறது.

ஆகவே இந்தக் கடிதத்தை உயிர்ப்பு ஞாயிறன்று அச்சன் கோயிலில் உரக்க வாசிக்கட்டும். சாவி உங்களிடமே திரும்பி வரட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், திரேசா அக்காவுக்கு என் கும்பிடு.

தங்கள் தங்கையைக் கட்டிய பாவி,
அவராச்சன்

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது றோசம்மா கருவாட்டை எண்ணிவிட்டாள். ஏழுதான் இருக்கிறது. "கரி வாசத்தை இழுக்கும், சரி. அஞ்சு கருவாட்டையும் அதுதான் இழுத்துச்சா?" என்று கேட்கிறாள். இழுக்கவில்லை அளியா. அந்தக் கரியிலேயே கொஞ்சம் எடுத்துச் சுட்டுத் தின்றேன். கடைசி ஒன்று குருத்து ஞாயிறு காலையில். கோயிலில் கடிதத்தை வாசிக்க வேண்டாம், நானே எழுந்து நின்று சொல்லிவிடுகிறேன். கரியைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் ஆயரின் காதருகே குனிந்து பேசியது கரி அல்ல.