ஆஸ்பத்திரிக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

கார் ஷெட்டிலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவு மொத்தமே பன்னிரண்டு அடிதான். அதில் ஒன்பதாவது அடி வரை ஏறிவிட்டு, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மூன்றாவது முறையாகப் பின்னோக்கி வழுக்கி, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது.

"இன்னொரு தடவை பாருங்க மாப்பிள்ளை," என்றார் பக்கத்து சீட்டில் இருந்த அத்தை.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த பல்செட்காரருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. ஊரில் பாதி வயசாளிகள் கூச்சமில்லாமல் சிரிப்பதே அவர் கைவேலையால்தான். ஒரு பல் மயிரிழை அளவு உயர்ந்திருந்தாலும் விரல் நுனியில் கண்டுபிடித்துவிடுவார். கைக்கு வந்த அந்த வித்தை காலுக்கு மட்டும் வரவில்லை.

காரை வாங்கியது போன கோடையில். இருபது வயதில் பட்ட ஆசை, நாற்பத்தெட்டில் கைகூடியது. இரண்டே சீட்டு. இன்ஜின் முன்னால், அதன் இழுவை முழுக்கப் பின்சக்கரத்தில். வெயில் காலத்தில் மான் மாதிரி ஓடியது. மழையும் குளிரும் வந்ததிலிருந்து ஈரக் கையில் சோப்புக்கட்டி மாதிரி ஓடுகிறது.

இன்று பத்து மணிக்கு அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். வெளியூரில் ஏதோ லிஃப்டில் நாலு பேர் மாட்டிக்கொண்டதாகக் காலை ஆறு மணிக்கே மனைவியைக் கூப்பிட்டுவிட்டார்கள். லிஃப்ட் பரிசோதகரான அவள் வீட்டின் ஒழுங்கான காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ராத்திரி பெய்த மழை ரோட்டோடு ரோடாக உறைந்து கிடந்தது. அதன் மேல் புதிதாகத் தூறிக்கொண்டிருந்தது.

மனைவியைப் பெற்ற இந்த அத்தையிடம் அவருக்குக் கொஞ்சம் பயம் உண்டு. திட்டியதெல்லாம் கிடையாது. முப்பத்தோரு வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து, பேசுகிறவர்களை ஒரு பார்வையிலேயே அடக்கிப் பழகியவர். கல்யாணமான பதினொரு வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்டது "சாப்பிட்டீங்களா?", "ஆச்சு அத்தை" என்ற இரண்டு வாக்கியங்கள்தான்.

"டாக்ஸிக்குச் சொல்லிடட்டுமா அத்தை?"

"வண்டியை வச்சுக்கிட்டு டாக்ஸி எதுக்கு?"

அத்தைக்குத் தன் மேல் இத்தனை நம்பிக்கையா என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. நான்காவது முறையும் வழுக்கினார்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு பிளம்பர் வெளியே வந்தார்.

"சார், இது பின்சக்கர வண்டி. பின்னாடி வெயிட் இல்லாம எப்படிப் பிடிக்கும்? இருங்க, வர்றேன்."

தன் வேனிலிருந்து இரண்டு மணல் மூட்டைகளைத் தோளில் தூக்கி வந்து டிக்கியில் போட்டார். பின்பக்கம் அமுங்கியது. கார் முக்கி முனகி மேலே ஏறிவிட்டது.

பல்செட்காரர் கண்ணாடியை இறக்கினார். "உங்க உதவியைச் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேங்க!"

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருங்க சார். சாகிறதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

கடைத்தெரு முடியும் இடத்தில் ஒரு ரவுண்டானா. பல்செட்காரர் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். காரின் மூக்கு திரும்ப மறுத்து நேராகப் போயிற்று. பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தார். உடனே டிக்கியிலிருந்த மூட்டைகள் வேலையைக் காட்டின. கடிகாரப் பெண்டுலம் மாதிரி பின்பக்கம் வீசிக்கொண்டு வர, உலகம் ஒரு தடவை சுற்றியது. கண்ணைத் திறந்தபோது கார் வந்த வழியைப் பார்த்து நின்றிருந்தது.

"வீட்ல ஏதாவது மறந்துட்டீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை... வண்டி தானா திரும்பிடுச்சு."

"அழகாத்தான் திரும்புச்சு."

குத்திக்காட்டுகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அத்தை கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் லேசாக அசைந்தது. பாவம், கடவுளைக் கூப்பிடுகிறார் போலிருக்கிறது.

ஊர்ந்து ஊர்ந்து அடுத்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். அங்கே டீசல் போட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"இது வெயில் கால டயர் சார். இந்தக் குளிர்ல கல்லாயிடும். போதாததுக்குப் பின்னாடி ஒரு மலையை வேற ஏத்தி வச்சிருக்கீங்க. முன்சக்கரம் தரையில எங்க பாவும்? இறக்குங்க மூட்டையை!"

இருவருமாக இறக்கினார்கள். இறக்கியதும், பங்க் வாசல் பனியில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே விர்ரென்று சுற்றிக் குழி பறித்து, அசைய மறுத்தது.

"வழுக்காம பாத்துக்கிற பட்டன் ஒண்ணு இருக்கும் பாருங்க. அதை அணைச்சாத்தான் இந்தக் குழியிலேருந்து வெளிய வரும்."

அணைத்தார். கார் துள்ளி வெளியே வந்தது. பல்செட்காரர் கையை வெளியே நீட்டி, "ரொம்ப நன்றிங்க! ரொம்ப ரொம்ப நன்றி!" என்று கத்தினார். லாரி டிரைவரும் பதிலுக்கு ஏதோ கத்தினார். "ரோட்டுக்கு வந்ததும் மறக்காம மறுபடி போட்டுடுங்க" என்றுதான் கத்தினார். நன்றி சொல்லும் மும்முரத்தில் அது இவர் காதில் விழவில்லை.

பக்கத்தில் திரும்பினால், அத்தை கையில் ஒரு பன்னும் ஆவி பறக்கும் டீயும்.

"அத்தை! இது எப்ப வாங்கினீங்க? எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே!"

"குளிருது மாப்பிள்ளை. இந்தாங்க, பாதி."

"மணி பத்து பத்து ஆச்சு அத்தை!"

"ஆஸ்பத்திரி என்ன காலு முளைச்சு ஓடிடவா போகுது?"

பாதிப் பன்னை வாயில் வைத்துக்கொண்டே, ஊர் எல்லை தாண்டியதும் வரும் வளைவில் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டார். தொட்டதுதான் தெரியும். கார் இடது பக்கம் ஒரு ஆட்டம், வலது பக்கம் ஒரு ஆட்டம் ஆடி, ரோட்டோரப் புல்வெளியில் பின்பக்கமாக இறங்கி, சேற்றில் பாந்தமாக உட்கார்ந்துகொண்டது.

"யம்மாடி!" என்றார் அத்தை. பதினொரு வருஷத்தில் அவர் குரல் அத்தனை உயர்ந்து பல்செட்காரர் கேட்டதில்லை.

"மன்னிச்சிடுங்க அத்தை... உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அதற்குள் பின்னால் வந்த பஸ் நின்றது. டிரைவரும் ஆறு பயணிகளும் இறங்கி வந்தார்கள். ஒருத்தரும் சலித்துக்கொள்ளவில்லை. அது பல்செட்காரரை இன்னும் நெகிழவைத்தது.

"யாராவது ஒருத்தர் உள்ள உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மெல்லத் தொடணும். மத்தவங்க தள்ளுவோம்," என்றார் பஸ் டிரைவர்.

பல்செட்காரர் சீட்டில் அழுந்தி உட்கார்ந்தார்.

"ஏன் சார், வண்டிக்குச் சொந்தக்காரர் நீங்க உள்ள சொகுசா இருப்பீங்க, சேத்துல நாங்க நிக்கணுமா?" என்றார் ஒரு பயணி.

நியாயம்தான். இறங்கினார். அவர் கதவைச் சாத்துவதற்குள் அத்தை டிரைவர் சீட்டுக்கு நகர்ந்திருந்தார்.

"அத்தை, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"காலையிலேருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? நீங்க பண்ணினதைப் பண்ணாம இருந்தாப் போதும்."

"கண்ணு...?"

"ஒரு கண்ணுலதான் புரை. இன்னொண்ணு கழுகுக் கண்ணு."

எட்டுப் பேரும் தோள் கொடுத்தார்கள். அத்தை முதலில் அழுத்தியது கொஞ்சம் அதிகம். எட்டுப் பேரும் தலை முதல் கால் வரை சேற்றில் குளித்தார்கள். அடுத்த தடவை தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டார். கார் பூனை மாதிரி நடந்து ரோட்டுக்கு ஏறி, நேராக நின்றது.

அத்தை கண்ணாடியை இறக்கி, ஒவ்வொருவராகப் பார்த்து நன்றி சொன்னார். மூக்கில் சேறு வழிந்தவருக்குக் கைக்குட்டை கொடுத்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார்கள்.

பஸ் டிரைவர் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன சார், மஞ்சள் லைட் எரியுது! வழுக்காம இருக்கிறதுக்கான பட்டனை அணைச்சுட்டா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று அதை அழுத்திவிட்டு, அத்தையிடம் திரும்பினார். "அம்மா, கண் ஆபரேஷனுக்கு நேரமாச்சுன்னு சார் சொன்னாரே, நீங்க பஸ்ல ஏறிக்குங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே பத்திரமா இறக்கிவிடறேன்."

"அவரைத் தனியா விட்டுட்டா? கூடவே வர்றதுதான் முறை."

பல்செட்காரருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சேறு கலந்து எரிந்தது. தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர், ஆபரேஷனுக்கு நேரமாகியும், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தன்னோடு வருகிறாரே! இந்தப் பெரிய மனசு வேறு யாருக்கு வரும்?

அத்தை பழையபடி பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தார். அதன் பிறகு பல்செட்காரர் இரண்டாவது கியரிலேயே, காலடியில் முட்டை இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓட்டினார். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தார். வளைவுக்குள் எதையும் சட்டென்று செய்யவில்லை. கார் சொன்ன பேச்சைக் கேட்டது. தூறல் முன்கண்ணாடியில் வழிய, உள்ளே ஹீட்டர் சூடு இதமாக இருந்தது. அத்தை பேசினார். ராணுவ டாங்கிகளைப் பற்றி ஒரு புத்தகம் விடாமல் எடுத்துப் போன பல் டாக்டரைப் பற்றி, நூலக அலமாரி ஏணியில் சக்கரம் கட்டி ஓட்டிப் பார்த்துத் தானே விழுந்ததைப் பற்றி. பல்செட்காரர் தன் இருபது வயது ஆசையைச் சொன்னார். இதுவரை மனைவியிடம்கூட முழுசாகச் சொல்லாதது.

"நல்ல ஆசைதான்," என்றார் அத்தை. "கொஞ்சம் லேட்டு."

இருவரும் சிரித்தார்கள். எட்டு மைல் போனதே தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது மணி பதினொன்றே முக்கால்.

"நீங்க மெதுவா இறங்கி வாங்க அத்தை. நான் ஓடிப்போய் டாக்டரைக் கெஞ்சிப் பாக்கறேன்."

சேறு சொட்டச் சொட்ட அவர் உள்ளே ஓடினார். வரவேற்பு மேஜையில் இருந்த நர்ஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"சிஸ்டர், பத்து மணி கண் ஆபரேஷன். தப்பு முழுக்க என்னுதுதான். நாலு தடவை சறுக்கி, ஒரு தடவை சுத்தி, சேத்துல இறங்கி... அந்தம்மா ஒரு வார்த்தை குறை சொல்லல. பஸ்ல ஏறச் சொன்னாங்க, என்னை விட்டுட்டுப் போக மாட்டேன்னுட்டாங்க. அவ்வளவு நல்லவங்க. பன்னு வேற சாப்பிட்டுட்டாங்க, அதையும் சொல்லிடறேன். எப்படியாவது டாக்டர்கிட்ட..."

பெயரைக் கேட்டு, நர்ஸ் நோட்டைப் புரட்டினாள். விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இவங்களா? டாக்டரால வர முடியல, ஆபரேஷன் நாளைக்குன்னு காலையில ஏழு மணிக்கே போன் பண்ணிச் சொன்னேனே! 'அப்பாடா, அந்தச் சிவப்பு வண்டியில ஒரு தடவை போகணும்னு கோடையிலேருந்து காத்துக்கிட்டிருக்கேன், மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னாங்க. ஆமா, நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"