தாத்தாவிடம் கொடுத்த சக்கரம்

டியூப் மறுபடியும் பெருமூச்சு விட்டது. ஒட்டிய இடத்தில் அல்ல, புதிய இடத்தில். முதல் ஓட்டையை ஆணி போட்டது. இரண்டாவதை டயர் நெம்பும் கம்பியால் திருமேனியே போட்டார். மூன்றாவதைப் போட்டது யார் என்று அவர் ஆராய விரும்பவில்லை.

மாவடிப்பள்ளி வீதியின் பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். யாருடைய சோற்றின் மேலோ வண்டியை ஏற்றக் கூடாதென்று விலகியபோதுதான் ஆணி ஏறியது.

திருமேனி மதுரையில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். பகல் முழுவதும் பிறர் எழுத்தில் ரகரத்தையும் றகரத்தையும் திருத்தித் திருத்தி, மாலையில் யார் பேசினாலும் பிழை மட்டுமே காதில் விழும் நிலைக்கு வந்திருந்தார். மோட்டார் சைக்கிளில் ஏறினால்தான் உலகம் வாயை மூடும். அந்த மௌனத்துக்காகவே கொழும்பில் வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து, இலங்கையைத் தனியாகச் சுற்றக் கிளம்பியிருந்தார்.

புறப்படும்போது மனைவி கோமளா கேட்டாள்: "தனியா, தனியாங்கிறீங்களே. வழியில ஒருத்தர்கிட்டயாவது உதவின்னு கேட்டீங்கன்னா, வந்ததும் வீட்டு வண்டிய வித்துடணும். சரியா?"

வீறாப்பில் "சரி" என்று சொல்லிவிட்டார். வண்டி போனால் மௌனமும் போய்விடும். அதன் பிறகு எஞ்சிய காலம் முழுவதும் மனிதர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் குந்தியிருந்து அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கல்முனை பஸ் ஒன்று வந்து நின்றது. ஒரு பெண் ஓடிவந்து, ஜன்னல் வழியாக ஒரு பயணியின் மடியில் கத்தரிக்காய்ப் பையை வைத்தாள்.

"காரைதீவுச் சந்தியில மகள் நிப்பா. குடுத்துருங்க!"

பயணி தலையாட்டினார். பஸ் போய்விட்டது. முன்பின் தெரியாதவரிடம் எப்படித்தான் வாய் திறந்து கேட்கிறார்களோ என்று திருமேனி வியந்தார்.

மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"காக்கா!" என்றார் மீன்காரர்.

திருமேனி அண்ணாந்து பார்த்தார். மரத்தில் காக்கை எதுவும் இல்லை.

"அதோட ஏன் மல்லுக்கட்டுறீங்க? சில்லக் கொண்டுபோய் அந்தா தெரியிற கடையில குடுங்க. தாத்தா இரிக்கா. தாத்தா ஒட்டித் தருவா."

"நான் எதுவும் கேக்கலீங்களே!" என்று பதறினார் திருமேனி.

"கேக்காட்டி என்ன? நானாத்தானே செல்லுறன்" என்றுவிட்டு மீன்காரர் போய்விட்டார்.

'இருக்கார். தருவார்.' இரண்டு இடத்திலும் ஈற்றெழுத்து விழுந்துவிட்டது. மனதுக்குள் திருத்திக்கொண்டார். பிறகுதான் ஒன்று தோன்றியது. வாய் திறக்காமல் கொடுத்தால் அது கேட்டதாகாதே!

டியூபை டயருக்குள் திணித்து, கழற்றி வைத்திருந்த சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தகரக் கொட்டகையில் பழைய டயர்கள் தொங்கின. முன்னாலிருந்த வாங்குப் பலகையில் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக ஒரு முதியவர், கையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். திருமேனி சக்கரத்தை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

முதியவர் சக்கரத்தைப் பார்த்தார். திருமேனியைப் பார்த்தார். நெடுநேரம் யோசித்தார்.

"கல்முனைக்கா?"

போகிற வழி அதுதான். "ஆமாங்க."

"அங்க ஆரு நிக்கிற?"

ஆரு அல்ல, ஆறு. திருமேனியின் மனம் உடனே திருத்தியது. வழியில் ஆற்று வெள்ளம் நிற்கிறதா என்று விசாரிக்கிறார். அயலூர்க்காரன் மேல் எவ்வளவு கரிசனம்!

"அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாங்க."

முதியவருக்கு அது திருப்தியாகத் தெரியவில்லை. ஆனாலும் சக்கரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு இருவரும் பேசவில்லை. முதியவர் கைலேஞ்சித் துணியால் புழுதியைத் துடைத்தார். டயரை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதேர்ந்தவர்கள் அவசரப்படுவதில்லை என்று திருமேனி எண்ணினார். தன்னைப் போலவே மௌனமாக இருக்கத் தெரிந்த ஒரு மனிதரை வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தித்ததில் அவருக்குக் கண் கலங்கியது.

தொலைபேசி சிணுங்கியது. கோமளாவின் செய்தி: "யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"இல்லை" என்று பெருமையோடு அனுப்பினார்.

அவர் நிமிர்ந்தபோது அடுத்த பஸ் நின்றுகொண்டிருந்தது. முதியவர் குடையைக் கக்கத்தில் இடுக்கி, சக்கரத்தை இரு கைகளாலும் ஏந்தி, நிதானமாகப் படியேறினார். கண்டக்டர் ஒரு கை கொடுத்தார். ஏதோ கருவி எடுத்துவரத்தான் போகிறார் என்று திருமேனி நம்பினார். பஸ் நகரும் வரை நம்பினார்.

"தாத்தா!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார். "தாத்தா! தாத்தா!"

"ஓம், வாறன், வாறன்!" என்று கொட்டகைக்குள்ளிருந்து பதில் வந்தது.

முக்காட்டை இழுத்துச் செருகியபடி, விரல்களில் பசையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். கடைக்காரி றாஹிலா.

"ஏன் இப்பிடிக் கத்துறீங்க? பின்னால டயர் கழட்டிட்டு நிண்டன்."

திருமேனி மூச்சு வாங்கிக்கொண்டு பஸ் போன புழுதியைக் காட்டினார். "தாத்தா... என் சக்கரத்தோட..."

"தாத்தா நான்தானே! இஞ்ச மூத்த ஆம்புளய காக்கா, மூத்த பொம்புளய தாத்தா, வயசாளிய அப்பா எண்டுதான் கூப்புடுற. அவரு பஸ்ஸுக்கு நிண்ட முகம்மது தம்பி அப்பா." றாஹிலா தூரத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு சாய்ந்து கிடந்த வண்டியைப் பார்த்தாள். பிறகு கவலையோடு கேட்டாள்:

"சில்லக் குடுத்து உட்டீங்களே, கல்முனையில அத எடுக்கிறத்துக்கு ஆரு நிக்கிற?"