ஏழரைக் கிலோ பைப்பு

“பைப்புக்கு எந்த சைஸுங்க வேணும்? ஸ்மாலா, மீடியமா?”

மருந்துக் கடை ஜோஸ்லின் இப்படித் திருப்பிக் கேட்பாள் என்று ரொனால்ட் எதிர்பார்க்கவில்லை. குழந்தைக்குக் கட்டும் டயபர் ஒரு பாக்கெட் என்று அவன் கேட்டபோது அவள் புருவத்தை உயர்த்தினாள். அதைத் தாங்க முடியாமல், “எஸ்டேட்ல தண்ணிப் பைப்பு ஒழுகுதுங்க, சுத்திக் கட்டறதுக்கு” என்று அவனாகவே உளறிவைத்தான்.

“மீடியமே குடுங்க.”

“அப்படிக் குடுக்க முடியாதுங்க. எடைக்குத் தக்கனதான் சைஸு. பைப்பு எத்தனை கிலோ இருக்கும்?”

“ஏழரை.”

ஜோஸ்லின் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துத் தூசி தட்டினாள்.

“பைப்பு தவழுதுங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

“அப்பச் செரி. இதையே கட்டுங்க.”

பஸ் ஸ்டாண்டை ஒட்டி வேறு இரண்டு மருந்துக் கடைகள் இருந்தன. கால் பழக்கத்தில் இந்தக் கடைக்கே வந்து மாட்டிக்கொண்டோமே என்று தன்னைத்தானே திட்டியபடி ரொனால்ட் பாக்கெட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தான். அந்தத் திடீர்த் தொப்பையை ஏற்காட்டு பஸ் ஸ்டாண்டே பார்த்தது.

ஒழுகிய பைப்பு உண்மையில் அவனுடைய தங்கை ரெஜினாவின் மகள். கல்யாணமாகி நியூசிலாந்து போன ரெஜினா அங்கேயே பிள்ளை பெற்றாள். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டிலிருக்கும் அப்பா தேவசிகாமணிக்கும் அம்மா அற்புதத்துக்கும் நாற்பதாவது கல்யாண நாள். இதுவரை செல்போனில் மட்டுமே பார்த்த பேத்தியை அன்றைக்கு அவர்கள் கண்முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அதுவரை மூச்சுவிடக் கூடாது என்பது அவளுடைய திட்டம். கணவன் மெல்வினுக்கு லீவு கிடைக்கவில்லை. தோதான தேதியில் விமானமும் கிடைக்கவில்லை. ஆகவே கைக்குழந்தையோடு தனியாகக் கடல் தாண்டி, வெள்ளிக்கிழமையே வந்து இறங்கிவிட்டாள்.

ஒளித்துவைக்கும் பொறுப்பு அண்ணனுடையது. மாரமங்கலம் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரொனால்ட் ரைட்டர், அதாவது கணக்குப்பிள்ளை. கல்யாணமாகாதவன். பெண் பார்க்கும் பேச்சை அம்மா எடுத்தாலே, “எஸ்டேட்ல வேல கெடக்குதுங்கம்மா” என்று பஸ் ஏறிவிடுவான். அவனுடைய குவார்ட்டர்ஸில் ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு பாத்ரூம்.

“நாளான்னைக்கு வரைக்கும்தானண்ணா. பாப்பா சத்தமே போட மாட்டா” என்றாள் ரெஜினா.

நியூசிலாந்தில் வீடுகள் வெகு தள்ளித் தள்ளி இருக்கும் போலிருக்கிறது. அந்தக் குழந்தையின் தொண்டையைப் பற்றி அவளிடம் யாரும் புகார் சொன்னதே இல்லை. ரொனால்ட் டயபரோடு திரும்பி வந்தபோது, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு அப்பாலிருந்தே அழுகை கேட்டது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் முத்தாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“ஏனுங்க ரைட்டரே, உள்ள என்னமோ கத்துதுங்களே?”

“பூனைங்கக்கா. மழையில நனைஞ்சு கெடந்துச்சு. எடுத்தாந்து வெச்சிருக்கேன்.”

“பூனைங்களா?”

“சீமைப் பூனைங்க. அப்படித்தான் கத்தும்.”

முத்தாயி தலையை ஆட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் கையில் ஒரு தூக்குப்போசியோடு திரும்பி வந்தாள்.

“பூனைக்கு வயித்துல காத்தா இருக்கும். வசம்பைச் சுட்டு ஒரசிக் கொண்டாந்திருக்கேன், தொப்புளச் சுத்தித் தடவுங்க. போசியில பூண்டுக் கொழம்பு இருக்குது.”

“பூனைக்குங்களா?”

“பூனையோட அம்மாளுக்குங்க. பால் சொரக்கணுமல்லோ.”

கதவுக்குப் பின்னால் ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரொனால்டுக்குச் சிரிப்பு வரவில்லை. முத்தாயி அறிந்தது மாரமங்கலம் முழுவதும் அறிந்த மாதிரி.

அந்தக் கவலையில் இருக்கும்போதே அம்மாவிடமிருந்து போன் வந்தது. எடுத்து, “சொல்லுங்கம்மா” என்று அவன் சொல்வதற்கும் பாப்பா வீறிடுவதற்கும் சரியாக இருந்தது.

“அங்க என்னடா சத்தம்?”

“டிவிங்கம்மா. சீரியல்.”

“உன்ற ஊட்ல டிவியே இல்லயேடா.”

“செல்லுல ஓடுதுங்கம்மா.”

“செல்லுலதான எங்கூடப் பேசிட்டிருக்க?”

ரொனால்ட் போனை அணைத்துவிட்டான். மலையில் சிக்னல் போவது சகஜம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை பாப்பா இன்னும் உச்சத்தில் அழுதாள். கிரைப் வாட்டர் வேண்டும் என்றாள் ரெஜினா. இந்த முறை வேறு கடைக்குத்தான் போவது என்ற உறுதியோடு பஸ்ஸை விட்டு இறங்கியவன், ஜோஸ்லின் கடையின் முன்னால் போய் நின்றான்.

“பைப்புக்கு வயித்துவலிங்களா?” என்று அவளாகவே பாட்டிலை எடுத்து நீட்டினாள். “பாத்துக் குடுங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு ஸ்பூன்.”

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. ரொனால்ட் படியில் தொற்றி நின்றான். கண்டக்டர் சின்னராஜ் அவனைக் கண்டதும் முன் சீட்டில் இருந்த ஒரு பையையும் ஒரு பலாப்பழத்தையும் தூக்கிக் கீழே வைத்தார்.

“வாங்க ரைட்டரே, உக்காருங்க. ராத்திரியில தூக்கம் இருந்திருக்காது உங்களுக்கு.”

“எதுக்குங்க?”

“எம்பொண்ணு பொறந்தப்ப நானும் இப்படித்தான். டிக்கெட் கிழிக்கறப்பவே தூங்கிப்போடுவேன்.” பிறகு குனிந்து, காதோடு சொன்னார். “எங்ககிட்டச் சொல்லக்கூடாதுங்களா? நாங்க என்ன ஒசத்தி தாழ்த்தியா பாக்கப் போறோம்? கட்டுனவளையும் கொழந்தையையும் எத்தன நாளைக்கு மறைச்சு வெப்பீங்க?”

ரொனால்ட் மனசுக்குள் கணக்குப் போட்டான். இல்லை என்றால் பிறகு யாருடைய குழந்தை என்று கேட்பார். தங்கச்சி குழந்தை என்றால் பஸ் ஏற்காடு திரும்பும்போது செய்தியும் அம்மாவிடம் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமையின் ஆச்சரியம் அதோடு போயிற்று. அதனால் ஒன்றும் பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வாயைத் திறக்காதவன் ஒப்புக்கொண்டவன் என்று பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் முடிவு செய்தார்கள். பின் சீட்டிலிருந்து ஒரு அம்மாள் குழந்தைக்கென்று இரண்டு கமலா ஆரஞ்சு கொடுத்தனுப்பினாள்.

பிற்பகல் பனி இறங்கிக்கொண்டிருந்தபோது, குவார்ட்டர்ஸ் வாசலில் தேவசிகாமணி நின்றார்.

அவர் மிஷன் ஸ்கூலில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே நின்றாலும் அணிவகுப்பில் நிற்பது போலத்தான் நிற்பார். அவருடைய குரலைக் கேட்டதுமே ரெஜினா குழந்தையை அள்ளிக்கொண்டு பாத்ரூமுக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டாள். ஆனால் கொடியில் காய்ந்த குட்டிச் சட்டைகளை யாரும் எடுக்கவில்லை. தேவசிகாமணி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இதெல்லாம் யாருதுடா?”

“நாளைக்குச் சொல்றேனுங்கப்பா.”

“ஊரே சொல்லுது. நீ நாளைக்குச் சொல்றயா?”

அப்போது பாத்ரூமுக்குள் ஒரு சின்னத் தும்மல் கேட்டது. தேவசிகாமணியின் முகம் மாறியது. கோபத்தில் விறைத்திருந்த தோள்கள் தளர்ந்தன. கழுத்தில் சுற்றியிருந்த மப்ளரைக் கழற்றினார்.

“இந்தக் குளிருல பச்சப் புள்ளையப் பாத்ரூம்ல உக்கார வெச்சிருக்கறயே, உனக்கு அறிவிருக்குதாடா?”

“அப்பா, நீங்க நெனைக்கற மாதிரி இல்லீங்க...”

“நீ பேசாத.”

அவர் பாத்ரூம் கதவருகே போனார். கதவின் கைப்பிடியில் மப்ளரை மாட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அம்மணி, நான் மாமா பேசறேன். பயப்படாத கண்ணு. எங்க இருந்து வந்தவளோ, எப்படி வந்தவளோ, நாங்க எதுவும் கேக்க மாட்டோம். நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஊட்டுக்கு வந்துரு. அத்தைகிட்ட நான் பேசிக்கறேன். வருவயா சாமி?”

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ரெஜினா உள்ளேயிருந்து கதவை மெல்ல இரண்டு தட்டுத் தட்டினாள்.

தேவசிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எதுத்து ஒரு வார்த்த பேசல பாரு. நல்ல அடக்கமான புள்ளடா” என்று மகனுடைய முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் பனிக்குள் நடந்தார்.

ரெஜினாவை யாரும் வாழ்நாளில் அடக்கமான பிள்ளை என்று சொன்னதில்லை. வெளியே வந்து மப்ளரை எடுத்துக் குழந்தைக்குச் சுற்றினாள்.

“ஓடிப்போய் உண்மையச் சொல்லிப்போடறேன்” என்று ரொனால்ட் செருப்பைத் தேடினான்.

“வேணாண்ணா. இவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சு வெச்சோம். நாளைக்கு என்னைப் பாத்ததும் எல்லாம் செரியாப் போயிரும்.”

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ஜீப்பில் அப்பா வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதுமே எதுவும் சரியாகப் போகாது என்று ரொனால்டுக்குத் தெரிந்துவிட்டது. வாசலை அடைத்துப் பந்தல். ஓரமாகப் பிரியாணி அண்டா. பந்தலின் முகப்பில் ஈரம்கூடக் காயாத ஃப்ளெக்ஸ் பேனர், ‘எங்கள் இல்லத்து மருமகளே வருக’ என்று அழைத்தது. மருமகளின் படம் கிடைக்காததால் அந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூவைப் போட்டிருந்தார்கள். சர்ச்சின் பங்கு மக்கள் பாதிப்பேர் நாற்காலிகளில் இருந்தார்கள். சின்னராஜ் கண்டக்டர் யூனிஃபாரத்தோடு இலை போட்டுக்கொண்டிருந்தார். முத்தாயி புதுச்சேலை கட்டி வந்திருந்தாள். மருந்துக் கடைக்காரர் சிங்கராயர் மகள் ஜோஸ்லினோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அற்புதம் ஆலாத்தித் தட்டோடு ஜீப்பை நோக்கி வந்தாள்.

ரெஜினா குழந்தையோடு குதித்து இறங்கினாள். “சர்ப்ரைஸ்” என்றாள்.

அற்புதம் மகளைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். பிறகு எட்டி, ஜீப்புக்குள் பார்த்தாள்.

“ஏங்கண்ணு, நீ எப்ப வந்த? செரி, கொஞ்சம் நவுந்துக்க. மருமவ எறங்கட்டும்.”

“மருமவளா? நாந்தாம்மா வந்திருக்கேன். நியூசிலாந்துல இருந்து.”

“தெரியுதுடி. மருமவ எங்க?”

ரொனால்ட் எல்லாவற்றையும் சொன்னான். பைப்பிலிருந்து ஆரம்பித்து, பூனை வழியாக, மப்ளர் வரைக்கும் சொன்னான். அண்டாவைக் கிளறியவர்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டார்.

தேவசிகாமணி மெதுவாகக் கேட்டார். “அப்பப் பாத்ரூம்ல இருந்தது?”

“நாந்தானுங்கப்பா” என்றாள் ரெஜினா.

“நீயா? ஒரு வார்த்த பேசலயே?”

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சின்னராஜ் தயங்கித் தயங்கி, “சாப்பாடு உண்டுங்களா?” என்று விசாரித்தார்.

பந்தலைக் காப்பாற்றியது பாப்பாதான். கையை நீட்டி, அற்புதத்தின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி, வாயில் வைத்துச் சப்பினாள். அற்புதம் தட்டைக் கீழே வைத்தாள். குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு அழுகை நிற்கவே இல்லை. ஒரு கையால் பேத்தியைத் தட்டிக்கொண்டே மறு கையால் மகளை இழுத்து முத்தம் கொடுத்தாள். நடுநடுவே, “பேத்தி வந்துட்டா, மருமவதான் இல்லாமப் போயிட்டா” என்று பேனரைப் பார்த்து விசும்பினாள்.

தனக்குக் கல்யாணமே செய்துவைத்த அந்தப் புண்ணியவானைக் கண்டுபிடித்தே தீர்வது என்று ரொனால்ட் கிளம்பினான். தேவசிகாமணி, சின்னராஜ் சொன்னதாகச் சொன்னார். சின்னராஜ், முத்தாயியைக் காட்டினார்.

“நான் பூனைக்கு மருந்து குடுத்ததோட செரிங்க” என்றாள் முத்தாயி. “பெத்தவ உங்க சம்சாரம்னு மருந்துக் கடையிலதான் சொன்னாங்க.”

ஜோஸ்லின் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், குழந்தையைக் கையில் வாங்கிவைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். ரொனால்ட் அவளெதிரே போய் நின்றான். நியாயம் கேட்க வந்தவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

“ஏனுங்க, என்னன்னு தெரியாம ஊர்ல இப்படியெல்லாம் சொல்லலாமுங்களா?”

ஜோஸ்லின் குழந்தையின் கன்னத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ரெஜினா எங்கூடப் படிச்சவ, டிக்கெட் போட்டன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாளுங்க, ஆனா தலவலியே இல்லாம மூணு வருசமா எங்கிட்டத் தலவலி மாத்திர வாங்கற மனுசன் வாயைத் தொறக்கணுமின்னா, மொதல்ல ஊரு வாயைத்தானுங்க தொறந்துவுடணும்.”