டையில் ஒட்டிய நலக்கல்வி

சொல்லிக்கொடுக்கும் விஷயத்தில் பாதிகூடத் தெரியாமல்தான் பல வாத்தியார்கள் வகுப்புக்குள் நுழைகிறோம். நான் அதை நாற்பது பெற்றோர் முன்னால் நிரூபித்தவன்.

மலேசியாவில், சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகவில்லை. ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு நலக்கல்வி எடுத்தேன். பருவமடைதல் பாடம் வந்ததுமே புகார் கிளம்பிவிட்டது. "வயசுப் பையன் பொம்பளப் பிள்ளைங்களுக்கு என்னாத்த சொல்லிக் குடுக்கிறான்?"

"கட்டாயப் பாடம், விட முடியாது. பெற்றோர் கூட்டத்துல நீங்களே விளக்குங்க" என்றார் தலைமையாசிரியை.

டவுனுக்குப் போய் ஒரு பாக்கெட் சானிட்டரி பேட் வாங்கினேன். (அதை மறைக்க, தேவையே இல்லாமல் நான்கு பல் பிரஷ்ஷும்.) கூட்டத்தில் ஒரு பேட்டைப் பிரித்து, உள்ளாடை ஒன்றில் கம்பீரமாக வைத்துக் காட்டினேன், ஒட்டும் பக்கம் மேலே இருக்க.

"சார், ஒட்டுற பக்கம் கீழ லா! இப்படி வெச்சா பிள்ள கதறிடும்!" பின்வரிசையிலிருந்து கையுறை ஃபேக்டரியில் வேலை செய்யும் சரசு அக்கா கத்தினார். பதற்றத்தில் அதை வெடுக்கென்று எடுத்தேன். அது என் டையில் போய் ஒட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க டை கழுத்தை இறுக்கியது. மண்டபமே சிரித்தது.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. லோரி ஓட்டும் மாணிக்கம் அண்ணன். மனைவியை இழந்தவர், மகள் என் வகுப்பில். எழுந்து நின்றார்.

"எம்மவளுக்கு அம்மா இல்ல. நாளைக்கே அவளுக்கு வந்தா நான் என்னா சொல்லுவேன்? எனக்கு வாயே வராது. சார் சொல்லட்டும். தப்பாச் சொன்னா நீங்க திருத்துங்க."

சரசு அக்கா முன்னால் வந்து, என் டையை விடுவித்து, பேட்டைச் சரியாக வைத்துக் காட்டினார். நான் தைரியம் பெற்று, மாதவிடாய் ஏன் வருகிறது, அது நோயில்லை, யாராவது தப்பாகத் தொட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். ஒருவரும் எழுந்து போகவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஓய்வு நேரத்தில் மாணிக்கம் அண்ணன் மகள் என் மேசைக்கு வந்தாள். தலை குனியவில்லை.

"சார், வந்திருச்சு. பேட் வெச்சுட்டேன். அப்பாவுக்கு போன் பண்ணுங்க. பயப்பட வேணாம்னு சொல்லுங்க."

எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழும் அந்த வார்த்தைக்கு ஈடாகாது.

பிறகு சரசு அக்காவின் தங்கையையே நான் கல்யாணம் செய்துகொண்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டுக்கு வருபவர்களிடம் அக்கா இந்தக் கதையைச் சொல்லி முடிப்பார்:

"பொண்ணு கேட்டு வந்தப்ப நாந்தான் சிபாரிசு பண்ணேன். இந்த ஆளுக்கு ஒண்ணுந்தெரியாது, ஆனா சொல்லிக் குடுத்தா கேட்டுக்குவாருன்னு!"